தள்ளுபடி விலையில் நந்தன்

தஞ்சை வரலாறு என்றால் பெரிய கோயிலில் ஆரம்பித்து சரசுவதி மகாலில் கொண்டுபோய் முடித்துவிடுவார்கள். நடுவிலே நெல் வரும். நட்டவள் வரமாட்டாள். கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியும் நம்ம சேரியில் யார் வீட்டுப் பரணிலும் கிடந்ததில்லை. என்னிடம் கிடப்பது முந்நூறு சொச்சம் சிடிகளும் டிவிடிகளும்தான். பெரும்பாலும் தள்ளுபடியில் வாங்கினவை. இவற்றை வைத்து டெல்டாவின் கதையைச் சொல்ல முடியும் என்றுதான் நினைக்கிறேன்.

முதலில் விலை. 2007-க்கு முன்னால் நல்ல டிவிடி ஒன்று வாங்குவது கூலிக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு ஆகிற காரியமில்லை. அந்த வருஷம் மோசர் பேர் கம்பெனி விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் இறக்கிவிட்டது. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களெல்லாம் தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைகளில் குவியலாக வந்தன. பண்டிகை முடிந்தால் அதிலும் கழிவு. விசிடி ஒன்றில் சுமார் 74 நிமிஷம்தான் கொள்ளும் என்பதால் ஒரு படத்தை இரண்டு மூன்று துண்டாக வெட்டியிருப்பான். பாட்டு பாதியில் நிற்கும், எழுந்துபோய் அடுத்ததை மாற்றணும். இருந்தாலும் சொந்தமாகப் படம் வைத்திருப்பது என்பது எங்கள் வம்சத்தில் அதுதான் முதல் தடவை. டூரிங் டாக்கீஸில் மணலில் உட்கார்ந்து பார்த்தவர்கள் நாங்கள்.

அப்படிக் கிடைத்ததுதான் 1942-இல் ஜெமினி எடுத்த 'நந்தனார்'. எடுத்த வாசன் திருத்துறைப்பூண்டிக்காரர். நந்தனாக நடித்த தண்டபாணி தேசிகர் திருச்செங்காட்டங்குடிக்காரர். நந்தன் கொள்ளிடக்கரை ஆதனூர். ஆக எல்லாம் நம்ம தண்ணி பாய்கிற ஊர்தான்.

இந்தக் கதையில் ஒரு சூட்சுமம் உண்டு. சேக்கிழாரின் நந்தனுக்கு ஆண்டை கிடையாது. புலைப்பாடியில் தன் மானியத்தில் பிழைக்கிறான், கோயில் பேரிகைக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுக்கிறான். சிதம்பரம் போக லீவு கேட்டு நிற்கிற பண்ணையாள் அவன் இல்லை. வேதியர் என்கிற ஆண்டையை உள்ளே கொண்டுவந்தது 19ஆம் நூற்றாண்டில் ஆனந்ததாண்டவபுரத்தில் இருந்து பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார். நாற்பது வேலி பயிரை ஒரே ராத்திரியில் அறுத்து முடித்தால் போகலாம் என்று வேதியர் சொல்கிறார். நாற்பது வேலி என்றால் 260 ஏக்கருக்கு மேலே. பாரதியார் புராணத்தைக் கெடுத்துவிட்டார் என்று அந்தக் காலத்திலேயே பண்டிதர்கள் முகம் சுளித்தார்கள். என்னைக் கேட்டால் அவர் சேர்த்த அந்தக் கற்பனையில்தான் வரலாறு இருக்கிறது. மிராசுதாரையும் பண்ணையாளையும் கண்ணால் கண்ட ஒருத்தர்தான் அப்படி ஒரு நிபந்தனையை எழுத முடியும். ஒன்றுதான் நெருடுகிறது: அறுவடையை முடிக்க அவருக்குப் பூதகணங்கள் தேவைப்பட்டன. எங்கள் தாத்தாவுக்கு அந்த வசதி இல்லை.

ஜெமினி படமும் பாரதியார் கதையின் வழியில்தான் போகிறது. படம் வந்த மறு வருஷம், 1943 வாக்கில், பி. சீனிவாசராவ் கீழத்தஞ்சைக்கு வந்து சேரிகளில் செங்கொடிச் சங்கம் கட்ட ஆரம்பித்தார். சாட்டையடியும் சாணிப்பாலும் கேள்விக்குள்ளானது அதன் பிறகுதான். பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வர 1952 ஆயிற்று. டாக்கீஸில் நந்தன் கும்பிட்டுக்கொண்டிருந்த அதே வருஷங்களில் வெளியே வயலில் கும்பிடு நின்றுகொண்டிருந்தது.

1935-இல் கே.பி. சுந்தராம்பாள் லட்ச ரூபாய் வாங்கிக்கொண்டு ஆண் வேஷத்தில் நந்தனாக நடித்த 'பக்த நந்தனார்' எந்தத் தள்ளுபடியிலும் கிடைக்காது. அதன் பிரதி எங்கும் மிஞ்சியதாகத் தெரியவில்லை.

வெளிநாட்டுப் படங்களில் இரண்டைச் சொல்லணும். குரோசவாவின் 'ஏழு சாமுராய்' (1954). காவலுக்கு வந்தவர்களுக்கு அரிசிச் சோறு போட்டுவிட்டு விவசாயிகள் தினை வகையைத் தின்கிறார்கள். சாமுராய் என்று பொய் வம்சச் சுருளைக் காட்டுகிறவன் உண்மையில் குடியானவன் மகன். சாதிச் சான்றிதழ் வரிசையில் நின்றவர்களுக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று இத்தாலியின் தெ சாந்திஸ் எடுத்த 'கசந்த அரிசி' (1949). அமெரிக்காவுக்குப் படிக்கப் போன நண்பன் கிரைடீரியன் வெளியீட்டைப் பாதி விலை விற்பனையில் வாங்கி அனுப்பினான். போ நதிச் சமவெளியில் நடவுக்கு வருகிற பெண்களின் கதை. கூலியோடு அரிசியும் உண்டு. வேலை நேரத்தில் பேசக்கூடாது, பாடலாம். அதனால் சொல்ல வேண்டியதையெல்லாம் பாட்டாகவே சொல்லிக்கொள்கிறார்கள். நாற்பது வருஷம் நடவு நட்ட எங்க அம்மா அதைப் பார்த்துவிட்டு, "ஏண்டா தம்பி, வெள்ளக்காரிச்சியும் குனிஞ்சுதான் நடுறாளுவளா? அங்கயும் கங்காணி வரப்புமேலதான் நிக்கிறான் பாரு" என்றது. ஒப்பந்தம் உள்ளவளுக்கும் இல்லாதவளுக்கும் சேற்றில் நடக்கிற சண்டையில் மட்டும் அதுக்குச் சிரிப்பு வரவில்லை. "வெளியாள எறக்குனா இப்டித்தான்" என்றது.

வெளியாள் இறக்கியதும், கூலி நெல் கொஞ்சம் கூட்டிக் கேட்டதும்தான் கீழவெண்மணியின் பின்னணி. 1968 டிசம்பர் 25 ராத்திரி ராமையாவின் குடிசையில் 44 பேரை எரித்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கீழ்க்கோர்ட்டில் தண்டனை பெற்ற மிராசுதார்களை 1973-இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' நாவல் 1975-இல் வந்தது, 1977-இல் சாகித்ய அகாதமி பரிசு வாங்கியது. கூலிப் பிரச்சினையை ஓரமாக ஒதுக்கி, ஆண்டையின் ஆண்மைக் குறைவில் போய் காரணத்தைத் தேடிய நாவல் அது. அதிலிருந்து ஸ்ரீதர் ராஜன் 1983-இல் எடுத்த 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' முதல் பட இயக்குநருக்கான தேசிய விருது பெற்றது. விருது பெற்ற படத்தைக் கழிவுக் குவியல்களில் வருஷக்கணக்காகக் கிளறியும் நான் கண்டதில்லை.

கிடைத்தது பாரதி கிருஷ்ணகுமாரின் 'ராமையாவின் குடிசை' (2005). அதில் பிழைத்தவர்கள் தங்கள் வாயாலேயே பேசுகிறார்கள். அதை நான் வாங்கியது கடையில் இல்லை, புத்தகக் கண்காட்சியில் ஒரு மேசையில். சொன்ன விலைக்கு வாங்கினேன்.

மோசர் பேர் 2018-இல் கலைப்புக்குப் போயிற்று. கடைசிச் சரக்கைத் தள்ளுவண்டியில் கூறுகட்டி விற்றார்கள். காவிரி ஈரத்தில் டிவிடிகளின் ஓரம் பூசணம் பிடிக்கிறது. 'நந்தனா'ரில் இரண்டாவது விசிடி ஓடுவதே இல்லை. மற்றதையெல்லாம் இப்போது ஹார்டு டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். முதலில் ஏற்றியது 'ராமையாவின் குடிசை'.