எந்தத் தெலுங்கைப் படிக்கிறது? ஒரு பழைய கேள்வியின் கதை

போன வருசம் எங்கட வாசிப்பு வட்டத்தில நாலு பேர் சேர்ந்து தெலுங்கு படிக்கத் தொடங்கினோம். காரணம் பெரிசா ஒண்டும் இல்லை, படம்தான். சப்டைட்டில் இல்லாமல் பார்க்க வேணும் எண்ட ஆசை. தமிழும் தெலுங்கும் ஒரே குடும்பம், இரண்டு மாதத்தில பிடிச்சிடலாம் எண்டு நினைச்சோம். ஆனால் எங்களுக்குக் கிடைத்த இலக்கணப் புத்தகங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. பெரும்பாலானவை நூறு வருடத்துக்கும் மேல் பழையவை. தமிழ் பேசுகிற நாங்கள், பக்கத்து மொழி ஒன்றைப் படிக்க ஆங்கிலம் பேசுகிறவனின் வாசலால் போக வேண்டியிருந்தது.

முதல் கிழமையே சிக்கல் வந்தது. ‘செய்துகொண்டிருக்கிறேன்’ என்பதற்குப் புத்தகத்தில் ‘சேயுசுன்னானு’ என்று இருந்தது. படத்தில் ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை. ‘சேஸ்துன்னானு’ என்றார்கள். ‘வச்சுச்சுன்னாடு’ என்று மனப்பாடம் பண்ணினால், வாயில வாறது ‘வஸ்துன்னாடு’. எங்களுக்கு இது புதிசில்லை. ‘வந்துகொண்டிருக்கின்றேன்’ எண்டு எழுதிப்போட்டு ‘வந்துகொண்டிருக்கிறன்’ எண்டு கதைக்கிற ஆக்கள்தானே நாங்கள். ஆனால் ஒரு மொழியை வெளியிலிருந்து படிக்கிறவனுக்கு இந்த இடைவெளி எவ்வளவு பெரிய குழி என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. இந்தக் குழியில் எங்களுக்கு முதல் விழுந்தவர்கள் யார் என்று தேடிப் போனதில் வந்ததுதான் இந்தக் கட்டுரை.

சம்பளத்துக்குப் படித்த மொழி

1812 இல் சென்னையில் புனித ஜோர்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பனிக்கு வேலை செய்ய இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த இளைஞர்கள், மாவட்டங்களுக்குப் போவதற்கு முன் உள்ளூர் மொழிகளைப் படிப்பதற்கான இடம் அது. வந்தவர்களில் பலருக்கு எங்கட வயசுகூட இருக்காது. பரீட்சையில் சித்தியடைந்தால் படி கூடும், பதவி கிடைக்கும். வரி வசூலிக்கவும் வழக்கு விசாரிக்கவும் மொழி வேண்டும். அதனால் அங்கே மொழிக் கல்வி ஆட்சியின் ஒரு கருவி. இதை மறைத்து எழுதுவதில் அர்த்தமில்லை.

ஆனால் கருவியாகத் தொடங்கியது கருவியாக மட்டும் நிற்கவில்லை. அந்தக் கல்லூரியின் செயலாளராக இருந்த ஏ. டி. காம்பல் 1816 இல் ஒரு தெலுங்கு இலக்கணத்தை வெளியிட்டார். அதற்கு எஃப். டபிள்யூ. எல்லிஸ் எழுதிய முன்குறிப்பில்தான், தெலுங்கு சமஸ்கிருதத்திலிருந்து பிறந்ததல்ல, தமிழ், கன்னடம் முதலியவற்றோடு சேர்ந்த தனிக் குடும்பம் என்ற வாதம் ஆதாரங்களோடு அச்சில் வந்தது. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வந்தது 1856 இல். அதாவது நாற்பது வருடத்துக்குப் பிறகு. எல்லிஸின் வாதத்துக்குத் தேவைப்பட்ட தெலுங்கு வேர்ச்சொற்களைத் தொகுத்துக் கொடுத்தவர் கல்லூரியின் தெலுங்குத் தலைமை ஆசிரியர் பட்டாபிராம சாஸ்திரி. மசூலிப்பட்டினத்து மாமிடி வெங்கய்யா தொகுத்த அகராதியும் உதவியது. நாங்கள் ‘எல்லிஸ் கண்டுபிடித்தார்’ என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிற இடங்களில் இப்படி இரண்டு மூன்று பேர் காணாமல் போகிறார்கள்.

கடப்பையில் ஒரு பங்களா

இந்தக் கல்லூரியில் படித்தவர்தான் சார்ள்ஸ் பிலிப் பிரவுன். 1798 இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1817 இல் சென்னைக்கு வந்து, 1820 இல் கடப்பைக்கு அனுப்பப்பட்டார். கல்லூரியில் படித்த தெலுங்கு சந்தைக்கும் கச்சேரிக்கும் போதவில்லை. கடப்பையில் ஒரு பங்களா வாங்கி, பண்டிதர்களைச் சொந்தக் காசில் சம்பளத்துக்கு வைத்து, ஏட்டுச் சுவடிகளைத் தேடிப் பிரதி எடுக்கச் செய்தார். வேமனரின் பாடல்களை ஆங்கில மொழிபெயர்ப்போடு 1829 இல் அச்சிட்டார். அந்தப் பாடல்கள் மக்களின் வாயில் புழங்கியவை. அறிஞர்கள் பெரிதாக மதிக்காதவை.

எங்களுக்குப் பிரவுனின் அகராதியைவிடச் சின்னப் புத்தகங்கள்தான் சுவாரசியமாகப் பட்டன. அவருடைய ‘தெலுங்கு வாசகம்’ முழுக்கக் கடிதங்கள்: சொந்தக் கடிதங்கள், வியாபாரக் கடிதங்கள், பொலிஸ், வருவாய்த்துறைக் கடிதங்கள். காவியம் இல்லை. தெலுங்கு ஆங்கில உரையாடல்களுக்கென்று ஒரு புத்தகம் தனியாக. 1854 இல் வந்த இன்னொரு அகராதி, தெலுங்கில் கலந்துவிட்ட அயற்சொற்களுக்கு மட்டுமானது. அலுவலகத்திலும் சந்தையிலும் புழங்கிய உருது, பாரசீகச் சொற்களைப் பண்டிதர்கள் தெலுங்கு என்று ஏற்க மாட்டார்கள். ஆனால் முறைப்பாடு சொல்ல வாற விவசாயி அவற்றைத்தான் சொல்லுவான். அவன் சொல்லுறது விளங்க வேணுமெண்டால் அந்தச் சொல்லும் அகராதியில் இருக்க வேணும்.

1832–33 இல் குண்டூர்ப் பக்கம் பெரும் பஞ்சம் வந்தது. தெலுங்கு ஆண்டுப் பெயரால் அதை நந்தன கருவு என்பார்கள். மாவட்டத்தின் ஐந்து இலட்சம் பேரில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாகக் கணக்கு. அப்போது பிரவுன் அங்கே பணியில் இருந்தார். அறிக்கைகளில் ‘பற்றாக்குறை’ என்று எழுதுவதுதான் அரசாங்கத்துக்கு வசதியாக இருந்தது. பிரவுன் ‘பஞ்சம்’ என்றே எழுதினார். மேலிடத்துக்கு அது பிடிக்கவில்லை. தெருவில் சனங்கள் ‘கருவு’ என்று அழுகிறதைக் கேட்டு விளங்கிக்கொண்ட ஒருவரால் அதை ‘பற்றாக்குறை’ என்று மொழிபெயர்க்க முடியாமல் போயிருக்கலாம் என்று நினைக்கிறோம். இதனால் பிரவுனைப் புனிதராக்கத் தேவையில்லை. அவரும் அதே கம்பனியின் சம்பளக்காரர்தான். ஆனால் அன்றாட மொழி தெரிவதால் வருகிற பொறுப்பு ஒன்று இருக்கிறது. அது சில நேரம் வேலை கொடுத்தவனுக்கு எதிராகவும் போகும்.

மீண்டும் ஒரு வெள்ளைக்காரன் கேட்ட கேள்வி

பிரவுன் இங்கிலாந்துக்குத் திரும்பிப்போன காலத்தில் பள்ளிக்கூடங்களில் வேறொன்று நடந்தது. சின்னய்ய சூரியின் ‘நீதி சந்திரிகா’வும் (1853) ‘பால வியாகரண’மும் உரைநடைக்கு அளவுகோல் ஆயின. சூரி சிறந்த எழுத்தாளர், அதில் சந்தேகமில்லை. ஆனால் செய்யுளுக்கு உரிய பழைய வடிவங்களை உரைநடைக்கும் கட்டாயமாக்கியதால், ஒரு பிள்ளை வீட்டில் பேசுகிற வினைச்சொல்லைக் கொப்பியில் எழுதினால் பிழை என்றானது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட ஆந்திரக் கரையோர மாவட்டங்களுக்குப் பாடசாலைப் பரிசோதகராக வந்தவர் ஜே. ஏ. யேட்ஸ் என்ற ஆங்கிலேயர். தெலுங்கு படிக்கப் புறப்பட்ட அவருக்கு எங்களுக்கு வந்த அதே குழப்பம் வந்தது: வகுப்பில் படிக்கிற தெலுங்கு ஏன் வெளியில் கேட்கிறதில்லை? அவர் இதை ஆசிரியர்களிடம் கேட்டார். விசாகப்பட்டினத்தில் கல்லூரி அதிபராக இருந்த பி. டி. ஸ்ரீநிவாச ஐயங்கார், குரஜாட அப்பாராவ், கிடுகு ராமமூர்த்தி ஆகியோர் அந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார்கள். ஐயங்கார்தான் பின்னர் 1929 இல் தமிழர் வரலாற்றை எழுதியவர். குரஜாட அதற்கு முன்னமே பேச்சுத் தெலுங்கில் ‘கன்யாசுல்கம்’ நாடகத்தை எழுதிவிட்டார்.

கிடுகு ராமமூர்த்தி (1863–1940) பர்லாகிமிடியில் ஆசிரியர். அருகில் மலையில் வாழ்ந்த சவர மக்களின் மொழியைக் காதால் கேட்டுக் கற்றவர். அதற்குப் பாடப்புத்தகங்களும் பிற்காலத்தில் இலக்கணமும் அகராதியும் செய்தவர். எழுத்தே இல்லாத ஒரு மொழிக்கு முழு இலக்கணம் இருப்பதைப் பார்த்தவருக்கு, ‘பேச்சுக்கு இலக்கணம் இல்லை’ என்ற பண்டிதர் வாதம் எடுபடவில்லை. 1913 இல் நவீன தெலுங்கு பற்றி ஆங்கிலத்தில் ஒரு விரிவான மனு எழுதினார். பழைய உரைநடைகளிலேயே பேச்சு வடிவங்கள் இருப்பதை எடுத்துக் காட்டினார்.

எதிர்த்தரப்பை முட்டாள்கள் என்று தள்ளிவிட முடியாது. ஜயந்தி ராமய்யா முதலியோர் கேட்டது நியாயமான கேள்வி: பேச்சுமொழி என்றால் எந்த மாவட்டத்துப் பேச்சு? ஆளுக்கொரு தெலுங்கு எழுதினால் மொழி உடைந்து போகாதா? சென்னைப் பல்கலைக்கழகம் இதை விவாதித்தபோது அவர்கள் தரப்பே வென்றது. குரஜாட 1914 இல் தன் மாற்றுக் கருத்தைத் தனியறிக்கையாக எழுதிக் கொடுத்தார். அடுத்த வருடம் இறந்துபோனார். பேச்சு வழக்கை ஒட்டிய உரைநடை பத்திரிகைகளுக்குள்ளும் கதைகளுக்குள்ளும் வந்து, பிறகுதான் பாடநூல்களுக்குள் நுழைந்தது. அதற்குப் பல பத்தாண்டுகள் எடுத்தன.

யாருடைய அன்றாடம்?

வென்ற பிறகும் அந்தக் கேள்வி ஓயவில்லை. கிடுகு கேட்டது ‘சிஷ்ட வியவகாரிகம்’, அதாவது படித்தவர்கள் பேசும் பேச்சு. அது நடைமுறையில் கிருஷ்ணா, கோதாவரி ஆற்றுப்படுகைப் பேச்சாக முடிந்தது. தெலங்கானாக்காரனின் தெலுங்கு படங்களில் வில்லனுக்கும் பகிடிக்கும் போனது. இன்றைக்கு ஆந்திரத்தில் கிடுகுவின் பிறந்தநாளான ஓகஸ்ட் 29 தெலுங்கு மொழி நாள். தெலங்கானாவில் கவிஞர் காளோஜியின் பிறந்தநாளான செப்டெம்பர் 9 தெலங்கானா மொழி நாள். ஒரே மொழிக்கு இரண்டு நாள்.

தெலுங்கு எங்கட தீவுக்கும் தூரத்து மொழியில்லை. கண்டியின் கடைசி மன்னர்கள் நாயக்கர் வழி வந்தவர்கள். அக்கரைப்பற்றுக்குப் பக்கத்தில் அளிக்கம்பையில் இன்றும் வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பங்கள் இருக்கின்றன. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிப்பது தமிழில். வடமத்திய மாகாணத்தில் இருக்கிற அவர்களின் உறவுகள் படிப்பது சிங்களத்தில். அவர்களின் தெலுங்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. நாங்கள் தெலுங்கு படிக்க ஆங்கிலப் புத்தகம் தேடி அலைந்தபோது, அளிக்கம்பை எங்களில் ஒருவரின் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரம்தான். அது எங்களுக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. வெட்கமாகத்தான் இருக்கு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2007 இலிருந்து இங்கே அரச சேவையில் சேருகிறவர்களுக்கு மற்ற அரசகரும மொழியிலும் தகைமை கேட்கிறார்கள். நல்ல விசயம். ஆனால் பரீட்சைக்கு எழுத்துமொழியை மனப்பாடம் செய்த சிங்கள நண்பர் ஒருவர் எங்களிடம் சொன்னார்: “பேப்பர் வாசிப்பன், ஆனா கவுண்டருக்கு வாற அம்மா கதைக்கிறது விளங்காது.” எங்கட சிங்களமும் அப்படித்தான். பத்து வருசம் பள்ளிக்கூடத்தில் படிச்சும், பஸ்ஸில் கொண்டக்டர் கேட்டதுக்குப் பதில் சொல்லத் தடுமாறின ஆக்கள் நாங்கள். 1812 இல் கோட்டைக் கல்லூரியிலும் பரீட்சை இருந்தது, சித்தியும் இருந்தது. கடப்பைக்குப் போன பிறகுதான் பிரவுன் திரும்பப் படிக்கத் தொடங்கினார். பொலிஸில் முறைப்பாடு கொடுக்கிற, ஆஸ்பத்திரியில் நோவைச் சொல்லுகிற ஒருவரின் பேச்சு மற்றப் பக்கத்துக்கு விளங்காவிட்டால் அந்தச் சித்தியால் பயன் இல்லை.

தெலுங்கில் ‘நாங்கள்’ என்பதற்கு ‘மேமு’, ‘நாம்’ என்பதற்கு ‘மனமு’. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். அதனால் பழைய புத்தகங்கள் இதை விளக்க ஒரு பந்தி எடுத்துக்கொள்கின்றன. எங்களுக்கு ஒரு வரி போதும். அந்த நேரத்தில் மட்டும் ஆங்கில வாசலை விட்டுவிட்டு நேராக உள்ளே போனது போல இருந்தது. அடுத்த விடுமுறைக்கு அளிக்கம்பைக்குப் போவதாகப் பேசி வைத்திருக்கிறோம். கொப்பியை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு இருக்க வேணும்.