எல்லைக் கோடும் கைத்துப்பாக்கியும்

கோவையினின்று வாளையாறு கடந்து பாலக்காடு செல்லும் சாலையில் 1956-க்கு முன்னர் ராஜ்ய எல்லை கிடையாது. மலபார் மாவட்டம் அந்நாளில் சென்னையைச் சேர்ந்திருந்தது. ஆயின் அண்டையிலுள்ள சித்தூரோ கொச்சிச் சமஸ்தானம். போடிமெட்டுக்கும் குமுளிக்கும் மேற்கே திருவிதாங்கூர்!

1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கண்ணில் சமஸ்தானங்கள் பிரிட்டிஷ் இந்தியாவுக்குப் புறம்பானவை. உரிமமின்றி அவ்வெல்லையைத் தாண்டி ஆயுதம் கொண்டுபோதலும் கொணர்தலும் குற்றமாகும். முறைப்படி துப்பாக்கி வைத்திருப்பவர் தம் சொந்த உபயோகத்துக்கு அளவோடு கொண்டுசெல்ல மட்டும் விலக்கு இருந்தது. ஆகவே, கைத்துப்பாக்கியுடன் கோவையிலிருந்து பாலக்காடு போவது உள்நாட்டுப் பயணம். அங்கிருந்து சித்தூர் போவது, தூரம் சொற்பமேயாயினும், ஏற்றுமதி!

1956 நவம்பர் 1-இல் கேரளம் பிறந்தது. வாளையாறு புதிதாய் எல்லையாயிற்று. சித்தூர் எல்லை மறைந்தது. குமுளி எல்லை நிலைத்தது. 1962 அக்டோபர் 1-இல் நடைமுறைக்கு வந்த 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், உரிமம் எப்பகுதிக்குள் செல்லும் என்பது உரிமத்திலேயே குறிக்கப்படுகின்றது. தமிழ்நாட்டளவில் பெற்ற உரிமம் மலைக்கு அப்பால் செல்லாது. பகுதியை விரித்தெழுதுமாறு உரிமம் வழங்கும் அதிகாரியிடம் முன்கூட்டியே விண்ணப்பித்தல் வேண்டும். போடியில் வீடும், உடும்பஞ்சோலையில் ஏலத்தோட்டமும் உடையவர், மோட்டாரில் ஏறுமுன் தோட்டாவை எண்ணுவதினும் அந்த வரியைப் படிப்பதே முதல் வேலை.