கடை விரித்தல்

மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்குப் போகும் வழியில் சங்கும் சோழியும் பாசிமணியும் விற்கும் தரைக்கடைக்காரர்கள் வந்ததும் மூட்டையை அவிழ்த்துத் துணியைத் தரையில் விரிப்பார்கள். பொழுது சாய்ந்தால் அதே துணியின் நாலு முனையையும் கூட்டி முடிச்சுப் போடுவார்கள். விரித்தால் கடை, கட்டினால் மூட்டை. கடை விரிப்பது, கடையைக் கட்டுவது என்ற இரண்டு வழக்கும் இப்படியொரு துணியில் பிறந்தவை என்றே நான் நம்புகிறேன்.

'டிஸ்பிளே' என்ற ஆங்கிலச் சொல்லைத் துருவிப் போனால் அங்கும் ஒரு துணி கிடக்கிறது. லத்தீனில் 'பிளிகாரே' என்றால் மடித்தல். முன்னால் 'டிஸ்' சேர்ந்தால் மடிப்புப் பிரிந்துவிடும். பழைய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டுவாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தபோது, கொடியை விரிப்பதும் பாயை விரிப்பதும்தான் அதன் பொருள். பிறர் பார்க்க வைத்தல் என்ற பொருள் பிறகு ஏறியது. படைகளைப் பரப்பி நிறுத்தும் 'டிப்ளாய்' இதன் உடன்பிறப்பு. ஐரோப்பியக் குலச்சின்னங்களில் சிறகு விரித்த கழுகை இன்றைக்கும் 'டிஸ்பிளேய்டு' என்றே சொல்கிறார்கள். ஊர்ப்பெயரிலேயே கழுகை வைத்திருக்கும், மாமல்லபுரத்துக்குப் பக்கத்துத் திருக்கழுக்குன்றத்துக்காரர்களுக்கு இதைச் சொன்னால் மகிழ்வார்கள்.

படுக்கிற பாய்க்கும் கப்பலின் பாய்க்கும் தமிழில் ஒரே சொல். இரண்டையும் விரிக்கத்தான் செய்கிறோம். யானைகளும் நிதிக்குவியலும் நவமணியும் ஏற்றி, பாரத்தால் தாழ்ந்து இயங்கிய கலங்களை கடல்மல்லை என்ற இந்த மாமல்லபுரத்தில் திருமங்கையாழ்வார் பாடியிருக்கிறார். அந்தக் கலங்கள் பாய் விரித்த காலத்தில் 'டிஸ்பிளே' என்ற சொல் ஆங்கிலத்தில் இல்லை.

இன்று செங்கல்பட்டில் செல்போன் பழுதுபார்க்கும் கடைக்குப் போய் "அண்ணே, டிஸ்பிளே போயிடுச்சு" என்றால் திரையைக் கழற்றி மாற்றித் தருவார்கள். 'டிஸ்பிளே பீஸ்' என்றால் கடையில் பார்வைக்கு வைத்த பொருள். பேச்சில் இவை ஊறிவிட்டன, இருந்துவிட்டுப் போகட்டும். எழுத்தில்தான் எனக்கு மனத்தாங்கல். 'காட்சிப்படுத்தப்பட்டுள்ளன' என்று எழுதி வாசிப்பவரை மூச்சுத் திணற வைக்கிறோம். மயில் தோகை விரிக்கிறது, ஓடம் பாய் விரிக்கிறது, சங்கு விற்பவர் கடை விரிக்கிறார். எளிய வினை ஒன்று கைக்கருகில் இருக்க, எதற்காக அத்தனை அசைகள்?

அகராதி தொகுப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது: 'டிஸ்பிளே'க்கு நேரே 'விரித்தல்' என்ற சொல்லையும் சேருங்கள்.