989 ஓட்டில் முதல் தோல்வி, 97 வயதில் டெபாசிட் காலி: மகாதீர் முகமதுவின் தேர்தல் கதை

மலேசியாவை 22 ஆண்டுகள் தொடர்ந்து ஆண்டவர். பதவி விலகி சுமார் 15 ஆண்டுகள் கழித்து, 92 வயதில் எதிர்க்கட்சிகளுக்குத் தலைமை தாங்கி மறுபடியும் பிரதமரானவர். அதே மகாதீர் முகமது, 97 வயதில் தன் தொகுதியில் நான்காம் இடத்துக்குப் போய் டெபாசிட்டையும் பறிகொடுத்தார்.

நாடாளுமன்றத் தேர்தலில் அவர் நின்றது 11 முறை. ஜெயித்தது 9, தோற்றது 2. ஆனால் அவருடைய அரசியல் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இந்தக் கணக்கு மட்டும் போதாது. ஏன்?

பிரதமராக எத்தனை இடத்தில் ஜெயிக்கணும்?

இந்தியாவைப் போலவே மலேசியாவிலும் மக்கள் பிரதமரை நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. எம்.பி.க்களில் பெரும்பான்மை யார் பக்கமோ அவரே பிரதமர். அப்படின்னா ஒரு தலைவர் மூன்று இடத்தில் தாக்குப்பிடிக்க வேண்டும்: சொந்தத் தொகுதி, சொந்தக் கட்சி, கூட்டணி. இந்த மூன்றிலும் மகாதீர் அடி வாங்கியிருக்கிறார்.

முதல் அடி: தொகுதி

மகாதீர் ஒரு டாக்டர். 1925-ல் கெடா மாநிலத்தில் பிறந்தவர். ராஜேந்திர சோழனின் படையெடுப்பில் வரும் கடாரம் என்று அடையாளம் காணப்படும் அதே கெடாதான். அவர் போட்டியிட்ட எல்லாத் தொகுதிகளும் இந்த மாநிலத்தில்தான் இருந்தன.

1964-ல் அம்னோ கட்சி சார்பில் கோத்தா ஸ்டார் செலாத்தான் தொகுதியில் முதல் வெற்றி. ஐந்தே ஆண்டில் நிலைமை தலைகீழ். 1969 மே 10 தேர்தலில் பாஸ் கட்சியின் யூசோப் ராவாவிடம் வெறும் 989 ஓட்டில் தோற்றார். சீன வாக்காளர்கள் பாஸ் பக்கம் சாய்ந்ததுதான் காரணம் என்பது மகாதீரின் வாதம்.

தேர்தல் முடிந்த மூன்றாம் நாள், மே 13-ல், கோலாலம்பூரில் இனக்கலவரம் வெடித்தது. அப்போதைய பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானைக் கடுமையாக விமர்சித்து மகாதீர் கடிதம் எழுதினார். விளைவு, கட்சியிலிருந்தே நீக்கம். பதவியும் இல்லை, கட்சியும் இல்லை. 1970-ல் அவர் எழுதிய 'மலாய் டைலமா' புத்தகத்துக்கும் தடை.

துங்கு விலகிய பிறகு காற்று மாறியது. 1972-ல் மீண்டும் அம்னோவில் சேர்க்கப்பட்டார். 1974-ல் குபாங் பாசு தொகுதியில் போட்டியே இல்லாமல் வெற்றி, கல்வி அமைச்சர் பதவி. 1976-ல் துணைப் பிரதமர். 1981 ஜூலை 16-ல் பிரதமர்.

இரண்டாவது அடி: கட்சி

மலேசியாவில் அப்போது எழுதப்படாத விதி ஒன்று இருந்தது. அம்னோவின் தலைவர் யாரோ, அவரே பிரதமர். அதனால் அம்னோவின் உட்கட்சித் தேர்தல், கிட்டத்தட்ட பிரதமர் தேர்தல் மாதிரி.

1986 பொதுத்தேர்தலில் மகாதீரின் தேசிய முன்னணி 177-ல் 148 இடங்களைப் பிடித்தது. அம்னோ, மசீச, தமிழர்கள் அதிகம் உள்ள மஇகா போன்ற கட்சிகள் சேர்ந்த கூட்டணி அது. இவ்வளவு பெரிய வெற்றி கிடைத்த மறு ஆண்டே, 1987 ஏப்ரலில், கட்சித் தலைவர் பதவிக்குத் தெங்கு ரசாலி ஹம்சா எதிர்த்து நின்றார். முடிவு: மகாதீர் 761, ரசாலி 718. வித்தியாசம் 43 ஓட்டு.

22 பேர் அணி மாறி ஓட்டுப் போட்டிருந்தால், மகாதீரின் ஆட்சி ஆறாவது ஆண்டிலேயே முடிந்திருக்கும்.

அதன் பிறகு நடந்தது தேர்தல் கணக்குக்கு வெளியே போனது. அதே ஆண்டு அக்டோபரில் 'ஓப்ராசி லாலாங்' நடவடிக்கையில் எதிர்க்கட்சியினர், சமூக ஆர்வலர்கள் உட்பட 100-க்கும் மேற்பட்டோர் விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டனர். உட்கட்சி வழக்கில் 1988-ல் அம்னோவையே சட்டவிரோத அமைப்பு என்று நீதிமன்றம் அறிவிக்க, மகாதீர் 'புதிய அம்னோ'வைப் பதிவு செய்தார். ரசாலி தரப்பு வெளியே நின்றது. அந்த ஆண்டே நாட்டின் தலைமை நீதிபதி சாலே அபாஸும் பதவி நீக்கப்பட்டார். மகாதீரின் ஆட்சி பற்றிய விமர்சனம் எல்லாம் இன்றுவரை இந்த இரண்டு ஆண்டுகளைத்தான் முதலில் சுட்டுகிறது.

பொதுத்தேர்தலில் தோற்காதது எப்படி?

பிரதமராக 1982, 1986, 1990, 1995, 1999 என ஐந்து பொதுத்தேர்தல்களைச் சந்தித்தார். ஐந்திலும் வெற்றி. பொருளாதார வளர்ச்சி, சாலை, தொழிற்சாலை, பெட்ரோனாஸ் கோபுரம் எல்லாம் அவருக்குக் கைகொடுத்தன. தேர்தல் முறையும் கைகொடுத்தது. 1990-ல் தேசிய முன்னணி வாங்கிய ஓட்டு சுமார் 53 சதவீதம். கிடைத்த இடங்களோ 180-ல் 127, அதாவது 70 சதவீதம்.

1995-ல் ஓட்டு 65 சதவீதமாக உயர்ந்தது. ஆனால் 1998-ல் துணைப் பிரதமர் அன்வார் இப்ராஹிமை அவர் நீக்க, அன்வார் சிறைக்குப் போக, மலாய் வாக்காளர்களில் ஒரு பகுதி விலகியது. 1999-ல் ஓட்டு சுமார் 56 சதவீதமாக இறங்கியது. ஆட்சி தப்பியது, அம்னோவுக்குக் கிடைத்தது 72 இடம்தான். 2003 அக்டோபர் 31-ல் மகாதீர் பதவி விலகினார்.

92 வயதில் ரீ-என்ட்ரி

1எம்டிபி நிதி முறைகேடு விவகாரத்தில் பிரதமர் நஜிப் ரசாக்கை எதிர்த்து 2016-ல் அம்னோவை விட்டு வெளியேறி, பெர்சத்து கட்சியைத் தொடங்கினார். 2018 தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு அந்தக் கட்சி தற்காலிகமாகக் கலைக்கப்பட்டது. வேறு வழி? சிறையில் இருந்த அன்வாருடைய கட்சியின் சின்னத்தில் லங்காவி தொகுதியில் நின்றார்.

கிடைத்தது 18,954 ஓட்டு. நம்பிக்கைக் கூட்டணி 113, ஆதரவு தந்த சபா மாநிலத்தின் வாரிசான் 8, மொத்தம் 222-ல் 121. 1957-ல் சுதந்திரம் பெற்றதிலிருந்து முதல்முறையாக ஆட்சி மாறியது. மகாதீர் பதவியேற்றது மே 10. அவர் 989 ஓட்டில் தோற்ற அதே தேதி, 49 ஆண்டுகள் கழித்து! அன்று அவரைத் தோற்கடித்த யூசோப் ராவாவின் மகன் முஜாஹித், இந்த அமைச்சரவையில் அமைச்சர்.

மூன்றாவது அடி: கூட்டணி

பதவியை எப்போது அன்வாரிடம் ஒப்படைப்பது என்ற கேள்வி கூட்டணியை அரித்துக்கொண்டே இருந்தது. 2020 பிப்ரவரியில் எம்.பி.க்கள் அணி மாற, பிப்ரவரி 24-ல் மகாதீர் ராஜினாமா செய்தார். மார்ச் 1-ல் அவரது சொந்தக் கட்சியின் முகைதீன் யாசின் பிரதமரானார். தேர்தலே நடக்காமல் ஆட்சி போனது.

கடைசிப் போட்டி

2022 நவம்பர் 19-ல், பெஜுவாங் என்ற புதிய கட்சியோடு மீண்டும் லங்காவி. இந்த முறை கிடைத்தது 4,566 ஓட்டு. மலேசியாவில் பதிவான ஓட்டில் எட்டில் ஒரு பங்கு வாங்கினால் டெபாசிட் திரும்பும் (இந்தியாவில் ஆறில் ஒரு பங்கு). அதுவும் கிடைக்கவில்லை. மகன் முக்ரிஸும் ஜெர்லுன் தொகுதியில் டெபாசிட் இழந்தார்.

18 வயதினருக்கு ஓட்டுரிமை தரும் சட்டத் திருத்தம் 2019-ல் மகாதீர் ஆட்சியில்தான் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வந்த முதல் பொதுத்தேர்தல் இதுதான்.

ஆக, ஐந்து பொதுத்தேர்தலில் நாட்டை ஜெயித்தவரை அசைத்தது 989, 43 மாதிரியான சின்ன எண்களும், கூடவே இருந்தவர்களின் அணி மாற்றமும்தான்.

லங்காவி முடிவு வந்து ஐந்தே நாளில், நவம்பர் 24-ல், மலேசியாவின் புதிய பிரதமர் பதவியேற்றார். அவர் பெயர் அன்வார் இப்ராஹிம்.