மாணவர் கேட்ட ஆய்வு: ஈவ்லின் ஹூக்கரும் பால் சிறுபான்மையினர் நல ஆய்வும்

பால் சிறுபான்மையினரின் உடல்நலம், மனநலம் பற்றிய ஆய்வுகளில் 'சமூகம் சார்ந்த ஆய்வு' என்று ஒரு வகை உண்டு. யாரைப் பற்றி ஆய்வு நடக்கிறதோ அந்த மக்களே கேள்வியை எழுப்புவதும், தகவல் திரட்டுவதிலும் முடிவு காண்பதிலும் பங்கெடுப்பதும் அதன் அடிப்படை. இந்தப் பெயர் பிற்காலத்தில் வந்தது. ஆனால் 1940களிலேயே, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில், ஒரு மாணவர் தம் ஆசிரியையிடம் வைத்த வேண்டுகோளிலிருந்து அத்தகைய ஆய்வு ஒன்று பிறந்தது. ஆசிரியை ஈவ்லின் ஹூக்கர் (1907–1996). மாணவர் சாம் ஃப்ரம்.

முன்பு நடந்தது

ஹூக்கருக்கு முன்பும் இச்சமூகத்தார் தங்களைப் பற்றித் தாங்களே ஆராய முயன்றதுண்டு. ஜேன் கே என்ற பெண் பெர்லின், லண்டன், பாரிஸ், நியூயார்க் நகரங்களில் தம்மைப் போலப் பெண்களை நேசித்த ஏறத்தாழ 300 பெண்களிடம் பேட்டி எடுத்துத் தொகுத்தார். மருத்துவப் பட்டம் இல்லாத அவரால் அதைத் தம் பெயரில் வெளியிட முடியவில்லை. 1935இல் நியூயார்க்கில் மருத்துவர்களும் அறிஞர்களும் கொண்ட ஒரு குழு அமைந்தது. ஜேன் கேயின் உதவியால் பலர் முன்வந்து, தங்கள் வாழ்க்கையைச் சொன்னார்கள். உடலை அளக்கவும் எக்ஸ்ரே எடுக்கவும் சம்மதித்தார்கள். 1941இல் மனநல மருத்துவர் ஜார்ஜ் ஹென்றியின் பெயரில் நூல் வெளிவந்தது. நம்பிக்கையோடு சொல்லப்பட்ட அந்த வாழ்க்கைகள் அதில் குறைபாடுகளின் பட்டியலாக நின்றன. ஆசிரியர் இடத்தில் ஜேன் கேயின் பெயர் இல்லை.

தகவல் கொடுத்தவர்கள் ஒரு பக்கம், அதற்குப் பொருள் சொல்லும் உரிமை வேறு பக்கம். இந்தப் பிளவைக் கவனத்தில் வைத்துக்கொண்டால் ஹூக்கர் செய்தது ஏன் முக்கியம் என்று புரியும்.

ஆசிரியையும் மாணவரும்

நெப்ராஸ்கா மாநிலத்தின் நார்த் பிளாட் என்ற ஊரில், ஒன்பது பிள்ளைகளுள் ஒருவராகப் பிறந்தவர் ஹூக்கர். 1932இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் உளவியலில் முனைவர் பட்டம் பெற்றார். 1937–38இல் உதவித்தொகை பெற்று பெர்லின் சென்றபோது ஒரு யூதக் குடும்பத்தோடு தங்கியிருந்தார். அந்தக் குடும்பத்தார் பின்னர் நாஜி முகாம்களில் மாண்டார்கள். ஒரு கூட்டத்தாரை அரசே 'கேடானவர்கள்' என்று முத்திரை குத்தினால் என்ன நடக்கும் என்பது அவருக்கு ஏட்டுக் கல்வியாக இருக்கவில்லை.

பின்னர் லாஸ் ஏஞ்சலஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் விரிவாக்க வகுப்புகளில் பாடம் நடத்தினார். அங்கே படிக்க வந்த சாம் ஃப்ரம், ஹூக்கருக்கும் அவருடைய அப்போதைய கணவருக்கும் நண்பரானார். தம் நண்பர்களையும் அறிமுகப்படுத்தினார். பழகிய பிறகு ஒருநாள், தம்மைப் போன்ற தன்பாலீர்ப்பாளர்களை ஆராய்வது அறிவியலாளர் என்ற முறையில் அவருடைய கடமை என்று வாதிட்டார். அதுவரை மருத்துவர்கள் பெரும்பாலும் பார்த்தது சிறையிலும் மனநல மருத்துவமனையிலும் இருந்தவர்களையே. ஆஸ்பத்திரி வாசலில் நின்று எண்ணினால் ஊரே நோயாளிதான். வேலைக்குப் போய், வாடகை கட்டி, நண்பர்களோடு சிரித்துப் பேசி வாழ்ந்தவர்களை ஆய்வாளர்கள் பெரும்பாலும் தேடிப் போகவில்லை.

ஹூக்கர் முதலில் தயங்கினார். நெருங்கிய நண்பர்களை எப்படி ஆராய்வது? சக பேராசிரியரும் ரோர்ஷாக் சோதனையில் பேர்பெற்றவருமான புரூனோ குளோப்ஃபர் அவரை ஊக்கினார். தொடங்கிய வேலை சொந்த வாழ்க்கைச் சிக்கல்களால் சில ஆண்டுகள் நின்றது. மறுமணத்துக்குப் பிறகு, 1953இல், தேசிய மனநல நிறுவனத்திடம் நிதி கேட்டு விண்ணப்பித்தார்.

அந்த ஆண்டைக் கவனியுங்கள். செனட்டர் மெக்கார்த்தியின் வேட்டை உச்சத்தில் இருந்தது. 'பாலியல் பிறழ்வு' உள்ளவர்களை மத்திய அரசுப் பணியிலிருந்து விலக்க வழி செய்யும் ஆணை அந்த ஏப்ரலில்தான் வந்தது. 1952இல் அமெரிக்க உளமருத்துவக் கழகம் வெளியிட்ட நோய்ப் பட்டியலில் தன்பாலீர்ப்பு இடம்பெற்றிருந்தது. கலிஃபோர்னியச் சட்டப்படி அது சிறைக்குரிய குற்றமும்கூட. நிறுவனத்தின் அதிகாரி ஒருவர் நேரில் வந்து ஒருநாள் முழுக்க ஹூக்கரோடு பேசிப் பார்த்த பிறகே நிதி கிடைத்தது.

அறுபது பேர்

தேவைப்பட்டவர்கள் 60 ஆண்கள்: 30 பேர் தன்பாலீர்ப்பாளர், 30 பேர் எதிர்பாலீர்ப்பாளர். வயது, கல்வி, நுண்ணறிவு ஈவு ஆகியவற்றில் இருவர் இருவராகப் பொருத்தப்பட வேண்டும். மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள் சேர்க்கப்படவில்லை.

1950இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கப்பட்ட மாட்டசீன் சங்கம் தன் உறுப்பினர்களை ஆய்வுக்கு அனுப்பியது. பெயர் வெளியே தெரிந்தால் வேலை போகும், போலீஸ் வரும் என்ற நிலையிலும் அவர்கள் வந்தார்கள். பல்கலைக்கழக வளாகத்தில் நடத்தினால் யார் கண்ணிலாவது படுவார்கள் என்பதால், ஹூக்கர் தம் வீட்டுத் தோட்டத்தில் இருந்த தனியறையில் சோதனைகளை நடத்தினார். வேடிக்கை என்னவென்றால், கிடைப்பதற்கு அரிதாக இருந்தவர்கள் மற்ற 30 பேர்தான்! தொழிற்சங்கங்களிலும் பிற இடங்களிலும் கேட்டுக் கேட்டுத்தான் அவர்களைச் சேர்க்க முடிந்தது.

மூன்று சோதனைகள் நடந்தன. மைக்கறையில் என்ன தெரிகிறது என்று கேட்பது ரோர்ஷாக். படத்தைக் காட்டிக் கதை சொல்லச் செய்வது இன்னொன்று. அட்டை உருவங்களைக் காட்சியில் வைத்துக் கதை கட்டச் செய்வது மூன்றாவது. விடைகளில் யார் எந்தப் பிரிவு என்பதற்கான அடையாளங்களை நீக்கி, துறையில் மதிப்புப் பெற்ற மூவரிடம் கொடுத்தார்: குளோப்ஃபர், மார்ட்டிமர் மேயர், எட்வின் ஷ்னைட்மன். நம் தேர்வுத்தாள்களில் பதிவெண்ணை மறைத்துத் திருத்தக் கொடுப்பது போலத்தான். முதலில் ஒவ்வொருவரின் மன இசைவுக்கும் மதிப்பெண் இடச் சொன்னார். அடுத்து, ஜோடி ஜோடியாகக் கொடுத்து, இருவரில் தன்பாலீர்ப்பாளர் யார் என்று கண்டுபிடிக்கச் சொன்னார்.

முதல் வேலையில் இரு பிரிவிலும் மூன்றில் இரண்டு பங்கினர் சராசரி அல்லது அதற்கு மேலான இசைவு உள்ளவர்கள் என்று வந்தது. இரண்டாம் வேலையில், ரோர்ஷாக் தாள்களைப் படித்த நிபுணர்களின் கணிப்பு காசு சுண்டிப் பார்ப்பதைவிட மேலாக அமையவில்லை.

1956இல் சிகாகோவில் நடந்த அமெரிக்க உளவியல் கழக மாநாட்டில் இதை வாசித்தார். 1957இல் கட்டுரையாக வந்தது. சாம் ஃப்ரம் அச்சில் பார்க்கவில்லை. 1956இல் கார் விபத்தில் இறந்துவிட்டார்.

இந்த ஆய்வுக்குக் குறைகள் உண்டு. ஆண்கள் மட்டுமே இருந்தார்கள். பெண்கள் இல்லை, திருநர் இல்லை. எண்ணிக்கை சிறியது. நலமாக வாழ்ந்தவர்களையே தேர்ந்தெடுத்தார் என்று விமர்சித்தவர்களும் உண்டு. ஆனால் ஹூக்கர் தகர்க்க வந்தது 'இது இயல்பிலேயே நோய்' என்ற ஒரே கூற்றைத்தான். எல்லா மாம்பழமும் புளிக்கும் என்பவருக்கு இனிக்கும் பழம் ஒரு கூடை காட்டினால் போதாதா? நான் பி.எட். படித்தபோது உளவியல் தாளுக்காக ரோர்ஷாக் சோதனையை மனப்பாடம் செய்தேன். அதைக் கொண்டு ஒருவர் இப்படியொரு காரியம் செய்தார் என்று எந்தப் பாடத்திலும் படிக்கவில்லை.

பின்பு

நோய்ப் பட்டியல் உடனே மாறிவிடவில்லை. 1970களின் தொடக்கத்தில் செயற்பாட்டாளர்கள் உளமருத்துவக் கழகத்தின் கூட்டங்களுக்கே சென்று வாதிட்டார்கள். அவர்கள் கையில் இருந்த சான்றுகளுள் ஹூக்கரின் ஆய்வும் ஒன்று. 1973 டிசம்பரில் தன்பாலீர்ப்பு பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் 1990இல்தான் அதைச் செய்தது.

1983இல் எய்ட்ஸ் நோய் கண்டவர்கள் சிலர் டென்வரில் நடந்த மாநாட்டில், தங்களைப் பற்றி முடிவெடுக்கும் குழுக்களில் தங்களுக்கும் இடம் வேண்டும் என்று அறிவித்தார்கள். பிறகு கனடாவின் ஒன்டாரியோவில் திருநர்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து 'டிரான்ஸ் பல்ஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். 2009–10இல் 433 திருநர்கள் அதன் கேள்விகளுக்கு விடையளித்தார்கள். மறைந்து வாழ்பவர்களைக் கணக்கெடுப்பது கடினம். எனவே பங்கேற்ற ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த திருநர்களை அழைத்துவரும் சங்கிலி முறையைப் பின்பற்றினார்கள். தங்களை எப்படி நடத்துவார்களோ என்று அஞ்சி அவசர சிகிச்சைப் பிரிவுக்கே போகாமல் இருந்துவிட்டவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் என்று தெரிந்தது. பெற்றோரின் ஆதரவு பெற்ற இளைஞர்களிடம் தற்கொலை முயற்சி மிகவும் குறைவு என்பதையும் அத்திட்டம் காட்டியது. வெளியிலிருந்து வரும் ஆய்வாளருக்கு இப்படிக் கேட்கத் தோன்றியிருக்குமா என்பது எனக்கு ஐயமே.

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு நீதிமன்றம் வழியாக வேகம் பெற்றது. 2021இல் மதுரையைச் சேர்ந்த இரு பெண்கள் பாதுகாப்புக் கேட்டுத் தொடுத்த வழக்கை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இதைப் பற்றித் தமக்கே புரிதல் போதாது என்று சொல்லி, ஓர் உளவியலாளரிடம் நேரம் கேட்டு அமர்ந்து பாடம் கேட்டார். ஜூன் 7 அன்று, தன்பாலீர்ப்பை 'மாற்றும்' சிகிச்சைகளுக்குத் தடை விதித்தார். மருத்துவப் பாடநூல்களில் இருந்த இழிவான, தவறான செய்திகளும் அந்த வழக்கில் பேசுபொருளாயின. அவற்றைத் திருத்தும்படி தேசிய மருத்துவ ஆணையம் அதே ஆண்டு அறிவுறுத்தியது. ஹூக்கரின் கட்டுரை வெளிவந்து அப்போது 64 ஆண்டுகள் ஆகியிருந்தன. 2022 ஆகஸ்டில், இச்சமூகத்தாரைக் குறிக்க வேண்டிய மதிப்பான சொற்களின் பட்டியல் தமிழிலும் ஆங்கிலத்திலும் தமிழ்நாடு அரசிதழில் வெளியானது.