'வேணும்' என்றால் 'விசுவசிக்கிறேன்' ஆகுமா? முத்துக்குளித்துறையில் ஒரு பழைய பாடம்

நோயாளியின் மொழியும் பழக்கவழக்கமும் தெரியாமல் வைத்தியம் பார்க்கக் கூடாது, மாணவனின் வீட்டுப் பின்னணி தெரியாமல் பாடம் நடத்தக் கூடாது என்று இன்று மேல்நாடுகளில் தனி வகுப்பே எடுக்கிறார்கள். 'பண்பாட்டுத் திறன்' என்று இதற்குப் பெயர். 2000-ல் அமெரிக்க அரசின் சுகாதாரத்துறை இதற்காக 14 விதிகளை வெளியிட்டது. நோயாளியே கேட்டாலொழிய அவருடைய உறவினரையோ நண்பரையோ மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. ஏதோ புதுச்சரக்கு போலத் தோன்றும். ஆனால் இதே தலைவலி 16-ஆம் நூற்றாண்டிலேயே தூத்துக்குடிக் கரையில் வந்துவிட்டது!

முத்துக்குளிப்பு தொடர்பாக நடந்த சண்டைகளில் பாதுகாப்புத் தேடி, 1536-37ல் இக்கரையின் பரதவர்கள் போர்த்துக்கீசியரிடம் போனார்கள். கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானமும் பெற்றார்கள். கொடுத்தவர்களுக்குத் தமிழ் தெரியாது, பெற்றவர்களுக்குப் போர்த்துக்கீசியம் தெரியாது. அதன்பின் பல ஆண்டுகள் அவர்களுக்கு எதையும் சொல்லிக்கொடுக்க ஆளில்லை.

1542-ல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். இரு மொழியும் தெரிந்த உள்ளூர்க்காரர்களைப் பிடித்து ஜெபங்களைத் தமிழில் எழுதி வாங்கி, மனப்பாடம் செய்து, தெருவில் மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். உழைப்பில் குறை இல்லை. ஆனால் 1544-ல் உடன் பணியாற்றிய மன்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு திருத்தம் சொல்கிறார். விசுவாசப் பிரமாணத்தில் 'வேணும்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லைப் போடும்படி. யோசித்துப் பாருங்கள், அதுவரை அத்தனை பேரும் "நான் விசுவசிக்கிறேன்" என்பதற்குப் பதிலாக "எனக்கு வேணும்" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்! ஜெபத்தில் இப்படி என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். மருந்துச் சீட்டில் இப்படி என்றால்?

இந்தச் சிக்கலை வேரிலிருந்து பிடித்தவர் அவருக்குப் பின்னால் வந்த அன்றீக்கே அன்றீக்கசு. 1520-ல் போர்த்துகலின் விலா விசோசாவில் பிறந்தவர். முன்னோர் யூதர்கள் என்பதால் பிரான்சிஸ்கன் சபை அவரை வெளியேற்றியது. பிறகு இயேசு சபையில் சேர்ந்தார். பிறப்பைக் காரணம் காட்டித் தள்ளப்படுவது என்னவென்று தெரிந்த மனிதர். அவர் பிறகு நடந்துகொண்ட விதத்துக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல்தான் அவருடைய ஊராயிற்று. முதலில் அவரும் துபாசியை நம்பித்தான் இருந்தார். பாவசங்கீர்த்தனம் என்பது ஒருவர் தன் குற்றங்களைப் பாதிரியாரிடம் இரகசியமாகச் சொல்வது. நடுவில் துபாசி உட்கார்ந்திருந்தால் அது என்ன இரகசியம்? பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் வைத்தியரிடம் வியாதியைச் சொல்வது போலத்தான். சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு வேறெதையோ சொல்லிவிட்டு எழுந்து போவார்கள்.

அன்றீக்கசு சில மாதங்களிலேயே தமிழ் எழுதப் படிக்கக் கற்றுத் துபாசியை விட்டுவிட்டார். இலத்தீன் இலக்கண முறையைத் துணையாகக் கொண்டு, பெயரும் வினையும் எப்படி மாறுகின்றன என்று தனக்கென எழுதி வைத்துக்கொண்டார். அது ஏட்டுத் தமிழ் அல்ல, கடற்கரையில் மக்கள் பேசிய தமிழ். புலவர்கள் முகம் சுளித்திருப்பார்கள். ஆனால் காய்ச்சலில் கிடப்பவன் செந்தமிழிலா முனகுவான்?

உடனிருந்த பாதிரிமாருக்கும் அவர் தமிழ் கற்பித்தார். தங்களுக்குள் தமிழில்தான் பேச வேண்டும், போர்த்துக்கீசியத்தில் பேசினால் தண்டனை என்று ஒரு விதி வேறு! தமிழில் பேசினால் அபராதம் போடும் பள்ளிகளைப் பார்த்த நமக்கு இது தலைகீழாகத் தெரியும். புன்னைக்காயலில் உள்ளூர் ஏழை நோயாளிகளுக்காக ஒரு மருத்துவமனையையும் அவர் நடத்தினார்.

எல்லாம் தூய தொண்டு என்று சொல்ல முடியாது. மதம் பரப்புவதே நோக்கம். பின்னால் போர்த்துக்கீசியரின் கப்பலும் முத்து வருமானமும் இருந்தன. ஆனாலும் 'இவர்கள் நம் மொழியைக் கற்கட்டும்' என்று இருந்துவிடாமல் தானே கற்றது சாதாரண விஷயமல்ல.

1554-ல் லிஸ்பனில் அச்சான தமிழ் ஜெபநூல் ரோமன் எழுத்தில் இருந்தது. இக்கரையில் அதை யார் படிப்பது? அன்றீக்கசின் 16 பக்க 'தம்பிரான் வணக்கம்' 1578-ல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சானது. இந்திய மொழி எழுத்து ஒன்றில் இந்தியாவில் அச்சாகி இன்று கிடைக்கும் மிகப் பழைய நூல் இதுதான். 1580-ல் பாவசங்கீர்த்தனத்துக்கென்றே தமிழில் ஒரு நூலை வெளியிட்டார். துபாசி இல்லாமல், கேட்பவரும் சொல்பவரும் நேராகப் பேசிக்கொள்ள!

1600-ல் இறந்த அவரைத் தூத்துக்குடி பனிமயமாதா கோயிலில் அடக்கம் செய்தார்கள். அவருடைய இலக்கணக் கையெழுத்துப் படி லிஸ்பன் நூலகத்தில் தூங்கிக் கிடந்து, 1982-ல்தான் அச்சேறியது. ஜீன் ஹைனும் வி. எஸ். ராஜமும் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2013-ல் வந்தது. நானூறு ஆண்டுகளுக்கு முன் புன்னைக்காயல் மக்கள் வாயில் வழங்கிய தமிழை இன்று அதில் பார்க்கலாம்.