சாக்கடையில் விளைந்த மீன்: கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்கள்

கொல்கத்தாவின் தரை மேற்கே ஹூக்ளி ஆற்றங்கரையில் உயர்ந்தும் கிழக்கே போகப்போகத் தாழ்ந்தும் இருக்கிறது. ஊர்க் கழிவுநீர் ஆற்றுக்கு எதிர்த்திசையில்தான் வடியும். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் போட்ட சாக்கடைத் திட்டமும் அந்தச் சரிவையே நம்பியது. கிழக்கே அப்போது கிடந்தவை உப்பேரிகள். வித்யாதரி ஆற்றின் வழியே கடல் ஓதம் ஏறி அவற்றை நிரப்பும். உவர்நீர் மீன் கிடைக்கும்.

அந்த ஆறு நிலைக்கவில்லை. கால்வாய்கள் வெட்டப்பட்டன, ஓதம் பரவும் இடங்கள் கரைகட்டி அடைக்கப்பட்டன, வண்டலும் சாக்கடையும் படுகையை மேடாக்கின. 1928இல் வித்யாதரி செத்த ஆறு என்று அறிவிக்கப்பட்டது. உப்புநீர் வரத்து நின்றதும் மீன் பண்ணைக்காரர்கள் வேறு வழியின்றி நகரத்தின் கழிவுநீரையே குளங்களுக்குள் திருப்பினார்கள். மாநகராட்சிப் பொறியாளர் பி. என். டே திட்டமிட்ட கால்வாய்கள் 1940களில் கழிவுநீரைக் குல்டி ஆறு வரை கொண்டுபோயின. வழியில் இருந்த குளங்களுக்கு நிலையான வரத்தும் கிடைத்தது.

‘பேரி’ எனப்படும் இக்குளங்களில் நீர் மார்பளவைத் தாண்டாது. குளிர்காலத்தில் நீரை வடித்து, சேற்றைக் காயவிட்டு, உழுது, சுண்ணாம்பு தூவுவார்கள். பிறகு மதகைத் திறந்து கழிவுநீரை விட்டுச் சில வாரங்கள் காத்திருப்பார்கள். வெயிலில் பாசி பெருகும். அது விடும் உயிர்வளியில் பாக்டீரியாக்கள் அழுக்கைச் சிதைக்கும். நோய்க்கிருமிகள் வெயிலிலேயே பெருமளவு மடியும். அதன்பின் ரோகு, கட்லா, மிர்கால் குஞ்சுகள் விடப்படும். மீன்கள் பாசியைத் தின்று அது மிகைப்படாமல் பார்த்துக்கொள்ளும். ஊரெல்லாம் சபிக்கும் ஆகாயத்தாமரை இங்கே கரையோரமாக மூங்கில் கட்டி வளர்க்கப்படுகிறது. அலை கரையை அரிக்காது, உலோகங்களில் ஒரு பங்கும் அதன் வேரில் தங்கும். குளத்திலிருந்து வெளியேறும் நீர் நெல் வயலுக்குப் போகிறது.

இந்தத் தொழிலறிவைக் கோப்புகள் நெடுநாள் கண்டுகொள்ளவில்லை. 1960களில் ஹூக்ளி வண்டலைக் குழாய்களில் இறைத்து வடக்குக் குளங்களைத் தூர்த்து சால்ட் லேக் நகரம் எழுப்பப்பட்டது. சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செலவிடாமலே ஊர்க்கழிவு சுத்தமாவதை 1980களில் விளக்கிச் சொன்னவர் அரசுப் பொறியாளர் துருவஜோதி கோஷ். மிச்சமிருந்த பரப்பை வரைபடமாக்கியவரும் அவரே. 1992இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அங்கே நிலப் பயன்பாட்டை மாற்றத் தடை விதித்தது. 2002இல் 12,500 ஹெக்டேர், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. 2006இல் தனிச் சட்டமும் வந்தது.

சட்டம் வந்தும் கட்டடங்கள் நின்றபாடில்லை. இன்னொரு சிக்கல் தோல் தொழில். டாங்ரா, தில்ஜலா, தோப்சியா பகுதிகளின் தோல் பதனிடும் பட்டறைகளை இடம்மாற்ற 1996இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அவற்றுக்கு ஒதுக்கப்பட்ட இடமோ இதே ஈரநிலத்தை ஒட்டிய பந்தாலா. மலக்கழிவைப் பாசியும் பாக்டீரியாவும் கரைத்துவிடும். தோல் பதனிடப் பயன்படும் குரோமியத்தை அவற்றால் சிதைக்க முடியாது. அது சேற்றில் படிந்து தங்கிவிடுகிறது. பண்ணைக்காரர்களின் முறையீடோ வேறு: கால்வாய்கள் தூர்ந்து, குளத்துக்கு வேண்டிய அளவு கழிவுநீர் வந்து சேர்வதில்லை.